விபத்தும் கணக்கும்: சாலைப் பாதுகாப்புத் திட்டமிடலில் தரவுகளின் இடம்

தமிழ்த்துறை வெளியிடும் மலரொன்றில் சாலை விபத்துக் கணக்கைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. சங்க இலக்கியமும் சீறாப்புராணமும் பேச வேண்டிய பக்கங்களில் லாரியும் பேருந்தும் ஏன் நுழைய வேண்டும்? ஆயினும் விபத்துக் கணக்கு என்பது தொடக்கத்தில் எண்ணாக இருப்பதில்லை, எழுத்தாகவே இருக்கிறது. காவல் நிலையத்து எழுத்தர் ஒருவர் தமிழில் எழுதும் சில வரிகளே பின்னர்க் கட்டங்களாகவும், கட்டங்கள் எண்களாகவும், எண்கள் சாலையின் குறுக்கே ஒரு வேகத்தடையாகவும் ஒரு மின்விளக்காகவும் மாறுகின்றன. அல்லது மாறாமலே போகின்றன. சொல் பிழைபட்டால் எண் பிழைபடும். எண் பிழைபட்டால் விளக்கு வேறிடத்தில் எரியும். ஆகவே சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைப் பேசுவது முறையற்றதன்று.

தொல்காப்பியர் ஒரு பாடலின் பொருளை ஆராயப் புகுவோர்க்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றனை வகுத்துக் காட்டினார். அவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். எங்கே, எப்போது என்னும் இரண்டும் தெரியாமல் எதையும் விளக்கவியலாது என்பது அவர் கண்ட நெறி. சாலை விபத்தை ஆராயும் பொறியாளரும் இதே நெறியில்தான் செல்கிறார். எந்தக் கிலோமீட்டர்க் கல்லருகே, எந்த மணியில் என்பது அவருக்கு முதற்பொருள். வண்டி, வளைவு, மழை, விளக்கின்மை, சாலையோரக் கடை ஆகியன கருப்பொருள். இவ்விரண்டும் செவ்வனே பதியப்பெற்ற பின்னரே மனிதர் நடத்தையைப் பற்றிப் பேச இடமுண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக நடைபெறுகிறது. விபத்து என்றவுடன் ஓட்டுநரின் நடத்தை பேசப்படுகிறது. நிலமும் பொழுதும் கடைசியில் வருகின்றன.

நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 30 அன்று விடியற்பொழுதில், புதுக்கோட்டையிலிருந்து திருமயம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள நமணசமுத்திரத்தில், சிமெண்டு மூட்டைகள் ஏற்றிவந்த லாரியொன்று தேநீர்க் கடையருகே நின்றவர்கள் மீதும் வாகனங்கள் மீதும் மோதிற்று. தொலைவூரிலிருந்து யாத்திரையாக வந்து தேநீர் அருந்த இறங்கியவர்களுள் 5 பேர் உயிர் நீத்தனர், பலர் காயமுற்றனர். அரிமளம் வட்டாரத்தார் புதுக்கோட்டைச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போகும்போது பார்த்துப் பழகிய பகுதி அது. அன்று ஊரெங்கும் எழுந்த வினா ஒன்றே: ஓட்டுநர் உறங்கினாரா? கேட்க வேண்டிய வினாதான். வழக்கு மன்றத்துக்கு அது போதும். திட்டமிடுவோர்க்கு அது போதாது. மார்கழியிலும் தையிலும் இச்சாலை வழியே இரவு முழுதும் யாத்திரை வண்டிகள் செல்வது ஆண்டுதோறும் தெரிந்த செய்தி. அவை எங்கே நிற்கின்றன? நிற்குமிடம் சாலையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளது? அங்கு வெளிச்சம் உண்டா? விடியலுக்கு முந்திய மணிகளில் இத்தடத்தில் இதற்குமுன் எத்தனை மோதல்கள்? அவ்விபத்துக்குக் காரணம் இன்னதென்று நாம் ஈண்டுத் தீர்ப்புக் கூற வரவில்லை. ஆனால் இவ்வினாக்களுக்கு விடை தரும் பதிவேடு இருந்தால்தான் அடுத்த மார்கழிக்கு முன் ஏதேனும் செய்யவியலும் என்பதைச் சுட்டவே இதனை எடுத்துக் காட்டினோம்.

காவல் நிலையத்தில் பிறக்கும் எண்

இந்தியாவில் சாலை விபத்தைப் பற்றிய அரசுக் கணக்கு முழுவதும் காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையையே ஊற்றாகக் கொண்டது. நெடுங்காலம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338, 304-அ ஆகிய பிரிவுகளின் கீழ் இவ்வழக்குகள் பதியப்பெற்றன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125, 106 ஆகிய பிரிவுகள் அவற்றின் இடத்துக்கு வந்துள்ளன. பிரிவின் எண் மாறினும் பதிவின் நோக்கம் மாறவில்லை. குற்றம் புரிந்தவர் யார் என்று காண்பதற்காக எழுதப்படும் ஆவணம் அது. சாலை ஏன் கொன்றது என்று காண்பதற்காக எழுதப்படுவதன்று.

இதன் விளைவை மொழி நடையிலேயே காணலாம். நம் காவல் நிலைய ஆவணங்களைப் புரட்டியவர்கள் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்னும் தொடரை அறிவர். சட்டப் பிரிவின் ஆங்கிலச் சொற்களைத் தழுவிய தமிழாக்கம் அது. ஒவ்வோர் அறிக்கையிலும் தவறாது வரும். மாட்டு வண்டியை இரவில் காணாது மோதியவனும் அதிவேகம். பள்ளத்தில் சக்கரம் இறங்கிச் சாய்ந்தவனும் அதிவேகம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் சாலை மரணங்களில் 71.2 விழுக்காடு அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது. வேகம் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விழுக்காட்டில் எவ்வளவு வேகத்தால் வந்தது, எவ்வளவு ஒரு வாய்பாட்டுத் தொடரால் வந்தது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. கவிஞன் வாய்பாட்டுத் தொடரைப் பயன்படுத்தினால் மரபு என்கிறோம். எழுத்தர் பயன்படுத்தினால் அது புள்ளிவிவரமாகிவிடுகிறது.

இடத்தைக் குறிப்பதிலும் இடர்ப்பாடு உண்டு. நம் பகுதியில் பெருஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் வழியை 'விலக்கு' என்கிறோம். சிலர் 'முக்கம்' என்பர். சிலர் 'கைகாட்டி' என்பர். ஒரே வளைவு ஓர் அறிக்கையில் விலக்காகவும், மற்றொன்றில் புளியமரத்து வளைவாகவும், மூன்றாவதில் பாலத்துக்கு வடபுறமாகவும் எழுதப்படும். மூன்று விபத்துகளும் ஒரே இடத்தில் நேர்ந்தவை என்பது ஊராருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. பதிவேட்டின்படி அவை மூன்று வெவ்வேறு இடங்களில் ஒவ்வொன்றாக நேர்ந்த, தொடர்பற்ற நிகழ்ச்சிகள். நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை உடைய புதுக்கோட்டைச் சீமையில் வாழும் நமக்கு இது வியப்பைத் தர வேண்டும். நிலக்கொடை தந்த பழைய மன்னர்களின் ஆவணங்கள் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நான்கும் கூறி, வாய்க்காலும் புற்றும் மரமும் சுட்டி, எவரும் மாற்றிப் பொருள் கொள்ளவியலாதபடி இடத்தை வரையறுத்தன. உயிர் போன இடத்தை நடுகல்லிட்டுக் குறிக்கும் வழக்கமும் நம்முடையதே. அந்தத் துல்லியம் பிற்காலத்து விபத்து ஆவணங்களில் இல்லாது போயிற்று.

மூன்றாவது குறை, அறிக்கையே எழுதப்படாத விபத்துகள். இருசக்கர வண்டியில் சென்ற இளைஞர் கால் முறிந்து கிடக்கிறார். இருதரப்பும் அறிமுகமானவர்கள். பெரியவர்கள் கூடிப் பேசி, மருத்துவச் செலவை ஒருவர் ஏற்க, விவகாரம் முடிகிறது. ஊர் ஒற்றுமைக்கு அது நல்லது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த முறிந்த கால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை; அதே இடத்தில் அடுத்தவர் விழும்போது அதுவே முதல் விபத்தாக எண்ணப்படுகிறது. இழப்பீட்டு வழக்குக்கு வழியில்லாது போவதும் இதனாலேயே. சமரசம் செய்துவைக்கும் பெரியோர்கள் இதனையும் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

ஓராண்டுக்கு இரு கணக்குகள்

இனிக் கூறப்போவது நம் மாநிலத்தின் அண்மைக் கால வரலாற்றில் மிகவும் கருதத்தக்க பகுதி. 2016 இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தோர் 17,218 பேர் என்றும், 2017 இல் 16,157 பேர் என்றும் ஒன்றிய அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள் தெரிவித்தன. அதன்பின் எண்கள் வியக்கத்தக்க வகையில் இறங்கின. 2018 இல் 12,216. 2019 இல் 10,525. 2020 இல் ஏறத்தாழ 8,060. நான்கு ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைவு. பிற மாநிலங்கள் தமிழ்நாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று ஒன்றிய அமைச்சரே பாராட்டினார். விரைந்து வரும் அவசர ஊர்தி, தலைக்கவசச் சோதனை, விபத்து இடங்களைத் திருத்துதல் எனக் காரணங்களும் அடுக்கப்பெற்றன. அவையெல்லாம் உண்மையில் நடைபெற்ற பணிகளே.

பின்னர் வெளிவந்த அறிக்கைகளைப் பார்த்தவர்கள் திகைத்தனர். பழைய ஆண்டுகளின் எண்கள் மாறியிருந்தன. 2018 க்குரிய எண் 18,300 ஐத் தாண்டியது. 2019 க்குரியது 18,129 ஆயிற்று. 2020 க்குரியது 14,527 ஆயிற்று. 2019 ஒன்றில் மட்டும் 7,604 மரணங்கள் புதிதாகச் சேர்ந்தன. தமிழ்நாட்டின் திருத்தம் நாட்டின் கூட்டுத்தொகையையே அசைத்தது. 2019 இல் இந்தியா முழுவதும் இறந்தோர் 1,51,113 என்று முதலில் அச்சிட்டிருந்த அமைச்சகம், பின்னைய அட்டவணைகளில் அதனை 1,58,984 ஆக்கியது. முதற்கணக்கின்படி 2016 க்கும் 2019 க்கும் இடையில் மரணம் 39 விழுக்காடு குறைந்தது. திருந்திய கணக்கின்படி அதே காலத்தில் 5 விழுக்காடு கூடியது. 2020 இல் கண்ட இறக்கத்துக்குப் பெருங்காரணம் ஊரடங்கு. வண்டி ஓடாத சாலையில் விபத்து இல்லை. 2021 இல் 15,384, 2022 இல் 17,884, 2023 இல் 18,347 என அது மீண்டும் ஏறியதைக் காண்கிறோம்.

ஒரு மரணம் கணக்கினின்று நழுவுவதற்கு எவர் சூழ்ச்சியும் வேண்டியதில்லை. நடைமுறையே போதும். திருமயம் அருகே ஒருவர் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அவர் உயிருடன் இருப்பதால் காயவழக்காகப் பதிவாகிறது. அவரை முதலில் அண்மை மருத்துவமனைக்கும், பின்பு புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்கும், நிலை மோசமாகவே திருச்சிக்கோ தஞ்சைக்கோ மதுரைக்கோ கொண்டு செல்கின்றனர். பதினோராம் நாள் வேறொரு மாவட்டத்தில் இறக்கிறார். இறப்புச் செய்தி அந்த மருத்துவமனையிலிருந்து அவ்வூர்க் காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து திருமயத்துக்கும் வர வேண்டும். வந்தபின் வழக்கின் சட்டப் பிரிவை மாற்ற வேண்டும். பிரிவை மாற்றியபின் கணினியில் உள்ள பழைய பதிவையும் திருத்த வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் காகிதம் திருந்திவிடும். ஏனெனில் அதனைக் கேட்பார் உண்டு. புள்ளிவிவரக் கட்டம் திருந்தாமல் நின்றுவிட்டால் கேட்பார் எவருமில்லை. விபத்து நிகழ்ந்த 30 நாள்களுக்குள் நேரும் இறப்பைச் சாலை மரணமாகவே கொள்ள வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற வரையறை. நம் நாட்டுப் படிவமும் அதனை ஏற்றுள்ளது. ஆனால் முப்பது நாளும் ஒருவரைப் பின்தொடர்ந்து விசாரிப்பது யாருடைய வேலை என்பதில்தான் சிக்கல்.

இதற்கு மருந்து, ஓர் ஊற்றை மட்டும் நம்பாதிருத்தல். ஸ்வீடன் நாட்டில் காவல் துறைப் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஒருங்கே இணைத்த 'ஸ்ட்ராடா' என்னும் தரவுத்தொகுப்பு உள்ளது. சாலையில் எவரும் இறத்தலோ கொடிய ஊனம் அடைதலோ கூடாது என்பதைக் குறிக்கோளாக 1997 இல் நாடாளுமன்றத்தில் ஏற்ற நாடு அது. நம்மிடமும் ஊற்றுகள் பல உள. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, 2008 முதல் ஓடும் 108 ஊர்தியின் அழைப்புக் கணக்கு, 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின் சிகிச்சைக் கணக்கு, பேரூராட்சியின் இறப்புப் பதிவேடு, ஏன், பள்ளிவாசல் மையவாடிப் பதிவேடும்கூட. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் நழுவியவர்கள் அகப்படுவர். சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்த பதிப்பாசிரியர்களின் முறை வேறு, இது வேறு அன்று.

கரும்புள்ளியும் அதன் எல்லையும்

எண்கள் ஓரளவு செம்மையுற்றன என்று கொள்வோம். அவற்றைக் கொண்டு என்ன செய்வது? 1854 இல் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். புள்ளிகள் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி அடர்ந்திருந்தன. குழாயின் கைப்பிடி கழற்றப்பெற்றது. விபத்துகளை வரைபடத்தில் குறிக்கும் முறையும் இதனையொத்ததே. புள்ளிகள் குவியுமிடத்தை 'பிளாக் ஸ்பாட்', அதாவது கரும்புள்ளி என்பர். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைத்த 5 விபத்துகள் நேர்ந்திருந்தாலும், அல்லது 10 பேர் இறந்திருந்தாலும் அப்பகுதி கரும்புள்ளி எனப்படும் என்பது ஒன்றிய அமைச்சகம் வகுத்த வரையறை. அவ்விடத்தைப் பொறியாளர் பார்வையிட்டு, வளைவை அகலப்படுத்துதல், குறுக்கு வழியை அடைத்தல், பேருந்து நிறுத்தத்தைத் தள்ளி அமைத்தல், விளக்கிடுதல் முதலியன செய்வர்.

இம்முறை நல்லதே எனினும் அதில் மயங்குவதற்கும் இடமுண்டு. வகுப்பில் ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைத் தனியே அழைத்து அறிவுரை கூறுகிறோம். அடுத்த தேர்வில் அவர்களுள் பலர் மேலேறுகின்றனர். நம் அறிவுரையால் என்று நாம் மகிழ்கிறோம். அவர்களுள் சிலர் அன்று காய்ச்சலால் குறைந்தவர்கள். நாம் வாய் திறவாவிடினும் ஏறியிருப்பார்கள். விபத்தும் அத்தன்மையதே. ஓராண்டில் தற்செயலாக மிகுந்த இடத்தில் அடுத்த ஆண்டு தானாகவே குறையும். அங்கு இட்ட வண்ணக் கோட்டுக்கு அப்புகழ் போய்ச் சேரும். இதனால்தான் மூன்றாண்டுக் கணக்குக் கேட்கின்றனர். திருத்தம் செய்யாத ஒத்த இடங்களையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும் என்பர் அறிந்தோர்.

எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள வேற்றுமையும் அறியத்தக்கது. 2022 இல் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105. மரணத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இதனைக் கொண்டு நம்மவரே நாட்டின் மோசமான ஓட்டுநர்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். வண்டிகள் மிகுந்த மாநிலம் இது. சிறு காயத்தையும் வழக்காகப் பதியும் பழக்கமும் சில மாநிலங்களைவிட இங்கு மிகுதி. நன்றாக எழுதிவைப்பவன் கணக்கில் கெட்டவனாகத் தோன்றுவது உலகியல்பு. ஆனால் மரணத்தை எவ்வகையிலும் அவ்வாறு தள்ளிவிட இயலாது.

கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் பகுதியாக, 2009 அளவிலேயே காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து ஆகிய மூன்று துறைகளையும் இணைத்த விபத்துத் தரவு மேலாண்மை அமைப்பு இங்கு ஏற்பட்டது. வரைபடத்தோடு கூடிய அத்தகைய அமைப்பை முன்னதாகக் கண்ட மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. பின்னர் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் 2021 முதல் முதற்கட்டமாக ஆறு மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. காவலர் தம் கைப்பேசியில் நிகழ்விடத்தில் நின்றே பதிகிறார். செயற்கைக்கோள் இடத்தைக் குறிக்கிறது. நெடுஞ்சாலைப் பொறியாளரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் தத்தம் பகுதியை நிரப்ப வேண்டும். நிகழ்விடத்தில் நின்று பதிந்தால் என்பதே இதில் உயிர்ச்சொல். நிலையத்துக்குத் திரும்பி வந்து மேசையில் அமர்ந்து பதிந்தால் செயற்கைக்கோள் காவல் நிலையத்தையே விபத்திடமாகக் குறிக்கும். கருவி பொய் சொல்லவில்லை.

இத்தகைய கட்டமைப்புக்குப் பின்னே ஒரு தமிழ் மருத்துவரின் முயற்சி உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், நாள்தோறும் தம் முன் வந்த முறிந்த உடல்களைக் கண்டு, 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014 இல் நீதியரசர் கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலங்கள் தத்தம் கணக்கை அக்குழு முன் வைக்க வேண்டியதாயிற்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுவதும், கரும்புள்ளிப் பட்டியல் அங்கே படிக்கப்படுவதும் இன்று முறையாகியுள்ளன.

அரிமளத்துச் சாலைகள்

மேற்கூறிய கரும்புள்ளி வரையறை தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது என்பதை மீண்டும் நோக்குக. நாட்டின் சாலை மரணங்களில் 36 விழுக்காடு அளவே தேசிய நெடுஞ்சாலைகளில் நேர்கிறது. எஞ்சியவை மாநில, மாவட்ட, ஊராட்சிச் சாலைகளில். அரிமளத்தைச் சுற்றியுள்ள சாலைகள் இப்பிற்பகுதியைச் சேர்ந்தவை. தைல மரக் காடுகளினூடே செல்லும் ஒடுங்கிய தார்ச்சாலை. கட்டையேற்றிய லாரி எதிர்வந்தால் இருசக்கர வண்டி மண்ணில் இறங்க வேண்டும். மாலையில் மேய்ச்சல் முடிந்து திரும்பும் ஆடுமாடுகள். கண்மாய்க் கரையின் திடீர் வளைவு. இங்கு விபத்து ஓரிடத்தில் குவிவதில்லை. இந்த ஆண்டு இந்த வளைவில் ஒன்று, அடுத்த ஆண்டு அந்தக் கரையில் ஒன்று எனச் சிதறி விழும். ஐந்தென்னும் எண்ணை எந்த 500 மீட்டரும் எட்டாது. ஆகவே பட்டியலில் ஏறாது. மூன்றாண்டில் வட்டாரம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் தொகை சிறிதாயிராது.

இத்தகைய இடங்களுக்கு அறிஞர் கூறும் வழி, விபத்து நேர்ந்த இடத்தை மட்டும் தேடாது, விபத்து நேர்ந்த இடங்களின் பொதுத்தன்மையைத் தேடுவது. இறந்தோரில் இருசக்கர வண்டியினர் எத்தனை பேர்? 2022 இல் நாட்டளவில் 44.5 விழுக்காட்டினர் அவர்களே. நடந்து சென்றோர் 19.5 விழுக்காட்டினர். எந்தப் பொழுதில்? நாட்டில் மாலை 6 முதல் இரவு 9 வரையே விபத்து மிகுதி. விளக்கில்லா வளைவிலா, சாலையோர மண் தாழ்ந்த இடத்திலா, ஊர் நுழைவாயிலிலா? கண்மாய்க் கரை வளைவுகளே பொதுத்தன்மை என்று தெரிந்தால், விபத்து இதுவரை நேராத கரை வளைவுக்கும் எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் கற்களும் தடுப்பும் இடலாம். யாரும் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செலவும் மிகுதியன்று. ஆனால் இப்பொதுத்தன்மையைக் காண, சிறு காயம் உட்பட ஒவ்வொன்றும் நிலமும் பொழுதும் பிழையாது பதிவாகியிருக்க வேண்டும்.

ஈண்டு நம் துறையினர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. ஊர்ப்பெயராய்வு நம் துறைகளில் ஒரு காலத்தில் ஆய்வேடுகள் பல கண்ட களம். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் செல்லும் சாலைகளில் ஒவ்வொரு விலக்கும், பாலமும், கரையும், வளைவும் மக்கள் வாயில் எவ்வெப்பெயர்களால் வழங்குகின்றன என்று மாணவர்கள் நடந்தே தொகுக்கலாம். ஒரே இடத்துக்குரிய மாற்றுப் பெயர்களை அருகருகே எழுதி, கிலோமீட்டர்க் கல்லின் எண்ணையும் சேர்க்கலாம். முதல் தகவல் அறிக்கைகள் பெரும்பாலும் காவல் துறை இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆம் ஆண்டு ஆணை அது. பழைய மூன்றாண்டு அறிக்கைகளில் வரும் இடப்பெயர்களை அப்பட்டியலோடு பொருத்தினால், புளியமரத்து வளைவும் விலக்கும் பாலத்து வடபுறமும் ஒன்றா வேறா என்பது புலப்படும். இரு மாணவர்க்கு ஒரு பருவத்து வேலை. முடிந்தபின் ஒரு படியை நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர்க்கும், ஒரு படியைக் காவல் நிலைய எழுத்தரின் மேசைக்கும் கொடுக்கலாம். அடுத்த அறிக்கையில் அவர் எழுதும் இடப்பெயர் அப்பட்டியலில் உள்ளதாக இருக்கும்.